உடற்பருமன் அறுவை ஆராய்ச்சி: தில்லித் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தில்லியில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் பொது அறுவைப் பிரிவில் வேலை செய்கிறேன். உடற்பருமன் அறுவையும் அது சார்ந்த ஆராய்ச்சியும்தான் என் அன்றாடம். ஆர்.கே.புரம், முனிர்க்கா, மயூர் விகார் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஓ.பி.க்கு வரும்போது கேட்கிற கேள்விகளும், இங்கே எம்.எஸ். என்கிற அறுவை மேற்படிப்பு படிக்க வந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் டியூட்டி நடுவே கேட்கிற கேள்விகளும் திரும்பத் திரும்ப ஒன்றுபோலவே இருக்கின்றன. அதனால் நோயாளி கேட்பது, மாணவர் கேட்பது என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். இந்தத் துறையில் நோயாளி இல்லாமல் ஆராய்ச்சிக்கு ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. அதுவும் ஆபரேஷன் நாளில் வருகிற நோயாளி மட்டும் போதாது. பத்து வருடம் கழித்தும் அவர் வரவேண்டும்.

ஆபரேஷன் செய்வதுதானே சர்ஜனின் வேலை? அவருக்கு ஆராய்ச்சி எதற்கு?

தான் செய்கிற ஆபரேஷன் உண்மையில் பலன் தருகிறதா என்று தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழி இல்லை. ஒரு புதிய மாத்திரை மருந்துக்கடைக்கு வருவதற்குள் பல கட்டச் சோதனைகளைத் தாண்டியாக வேண்டும். புதிய அறுவை முறைக்கு அப்படிக் கட்டாயமான வாசல் கிடையாது. ஒருவர் செய்து பார்த்து நன்றாக இருக்கிறது என்பார், மாநாட்டில் வீடியோ போடுவார், அடுத்த வருடம் ஐம்பது பேர் அதைச் செய்துகொண்டிருப்பார்கள். நடுவில் யாராவது நின்று, கணக்கெடுத்து, ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அது நல்லதா கெட்டதா என்பது தெரியவரும்.

ஆராய்ச்சி என்றாலே சோதனைக்குழாயும் வெள்ளை எலியும் நினைவுக்கு வருகின்றன. அவையும் உண்டு. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலைப் பாருங்கள். நோயாளியின் பெயர் சரியா, எந்தப் பக்கம் ஆபரேஷன், ஆன்டிபயாட்டிக் கொடுத்தாயிற்றா, பஞ்சும் கருவிகளும் எண்ணிக்கை சரியா என்று சத்தமாகக் கேட்டுக்கொள்ள ஒரே ஒரு தாள், அவ்வளவுதான். எட்டு நகரங்களில் அதைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். எட்டில் ஒன்று நம் தில்லி, செயின்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனை. எட்டு இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்தன. எந்தப் புதுக் கருவியும் வாங்கவில்லை. இதுவும் அறுவை ஆராய்ச்சிதான், அதுவும் முதல் தரமானது.

பேரியாட்ரிக் ஆபரேஷன், அதாவது உடற்பருமன் அறுவை என்றால் கொழுப்பை உறிஞ்சி எடுப்பதா?

இல்லை. அது லைப்போசக்ஷன், ஒப்பனைச் சிகிச்சை. இங்கே கொழுப்பைத் தொடுவதே இல்லை. ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீக்கிவிட்டு, மீதியை நீளமான குழாய்போல் ஆக்குவது. பைபாஸ் என்றால் இரைப்பையைச் சிறு பையாகப் பிரித்து, குடலின் முதல் பகுதியைச் சாப்பாடு தொடாமல் தாண்டிப் போகும்படி இணைப்பது. மினி பைபாஸ் இதே வகையில் ஒரே ஓர் இணைப்போடு முடிவது. அமெரிக்காவில் ராபர்ட் ரட்லெட்ஜ் 1997-இல் தொடங்கியது. இந்தியாவிலும் நிறையச் செய்கிறோம். மூன்றையும் லேப்ராஸ்கோப் வழியாகவே, அதாவது சிறு துளைகளில் கேமராவையும் கருவிகளையும் நுழைத்தே செய்கிறோம்.

சர்க்கரை நோய்க்கு வயிற்றில் ஆபரேஷன் என்கிறார்களே, அது எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பைபாஸ் தொடங்கியது எடைக்காகத்தான். 1966-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் அதைச் செய்தார். அப்புறம் சர்ஜன்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே, எடை இறங்கத் தொடங்குவதற்கு முன்பே, சர்க்கரை இறங்கியது. இன்சுலினோடு வந்தவர்கள் இன்சுலின் இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். 1995-இல் வால்டர் போரீஸ், தன் 608 நோயாளிகளை 14 ஆண்டுகள் வரை கவனித்ததை எழுதினார். சர்க்கரை நோய் இருந்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோருக்குச் சர்க்கரை இயல்புக்கு வந்திருந்தது. வயது வந்தோரின் சர்க்கரை நோய் ஒருமுறை வந்தால் போகாது என்று பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

சாப்பாடு குறைந்ததால் சர்க்கரை குறைந்ததா, குடலின் வழி மாறியதாலா? அடுத்து எழுந்த கேள்வி இது. 2004-இல் பிரான்செஸ்கோ ரூபினோ, சர்க்கரை நோய் உள்ள, ஆனால் பருமன் இல்லாத ஒரு வகை எலிகளை எடுத்துக்கொண்டார். இரைப்பையைத் தொடாமல் முன்சிறுகுடலை மட்டும் தாண்டிப் போகும்படி இணைத்தார். சர்க்கரை மட்டுப்பட்டது. எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று காட்டிய சோதனை இது. சாப்பாடு சீக்கிரம் கீழ்க்குடலுக்குப் போகும்போது ஜி.எல்.பி.1 என்கிற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது, பித்த அமிலங்களின் ஓட்டம் மாறுகிறது, குடல் நுண்ணுயிர்கள் மாறுகின்றன. இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் இன்றும் வாதம் நடக்கிறது. ‘உடற்பருமன் அறுவை’ என்றிருந்தது ‘வளர்சிதை மாற்ற அறுவை’ ஆனது இதனால்தான். அறுவை ஆராய்ச்சி மருத்துவ அறிவையே திருப்பிப்போட்ட அரிய தருணங்களில் இது ஒன்று என்று உறுதியாக நம்புகிறேன்.

அப்படியானால் சர்க்கரை முழுசாகப் போய்விடுமா?

ஒரு வருடக் கணக்கைப் பார்த்துவிட்டு யாராவது ஆமாம் என்றால் நம்பாதீர்கள்.

அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் 150 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்: மருந்து மட்டும், மருந்தோடு பைபாஸ், மருந்தோடு ஸ்லீவ். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழே வரவேண்டும் என்பது இலக்கு. ஒரு வருடத்தில் பைபாஸ் குழுவில் 42 சதவீதம், ஸ்லீவ் குழுவில் 37, மருந்துக் குழுவில் 12 சதவீதம் பேர் அதை எட்டினார்கள். ஐந்து வருடத்தில் அது 29, 23, 5 என்று இறங்கியது. அறுவைதான் முன்னே நிற்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வருடக் கதையும் ஐந்து வருடக் கதையும் ஒன்றல்ல.

ஸ்வீடனின் எஸ்.ஓ.எஸ். ஆய்வு இன்னும் நீண்டது. 1987-இல் தொடங்கினார்கள். அறுவை செய்துகொண்டவர்கள் 2010 பேர், ஒப்பீட்டுக்கு 2037 பேர். அறுவைக் குழுவில் சர்க்கரை நோய் இருந்தவர்களில் 72 சதவீதம் பேர் இரண்டாவது வருடத்தில் அதிலிருந்து விடுபட்டிருந்தார்கள். பதினைந்தாவது வருடத்தில் விடுபட்ட நிலையில் இருந்தவர்கள் 30 சதவீதம். இதைத் தோல்வி என்று படிக்கக் கூடாது. ஒப்பீட்டுக் குழுவில் அந்த எண் 6.5 தான். சர்க்கரை திரும்பி வந்தாலும், நடுவில் கட்டுப்பாட்டோடு கழிந்த வருடங்கள் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் லாபம்.

ஸ்வீடனில் முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?

2007-இல் அந்த ஆய்வின் இறப்புக் கணக்கு வெளிவந்தபோது, நாலாயிரத்துச் சொச்சம் பேரில் மூன்றே மூன்று பேரைத் தவிர எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்பது ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அறுவை செய்துகொண்டவர்கள் கூடுதல் நாள் வாழ்கிறார்கள் என்று அவர்களால் சொல்ல முடிந்தது இதனால்தான். அங்கே ஒவ்வொருவருக்கும் பிறந்தது முதல் ஓர் எண். மருத்துவமனை, மருந்து, மரணம் எல்லாம் அந்த எண்ணோடு பதிவாகின்றன.

இங்கே என்ன நடக்கிறது? தில்லியையே எடுத்துக்கொள்வோம். நம் ஆட்களில் பலர் மத்திய அரசு வேலைக்காக வந்தவர்கள். நாற்பத்தைந்து வயதில் இங்கே ஆபரேஷன். முதல் வருடம் தவறாமல் வருவார்கள். அப்புறம் மாற்றல் வரும், இல்லையென்றால் பிள்ளைக்கு வேலை கிடைத்துவிடும், ஓய்வு பெற்று தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறிவிடுவார்கள். குவார்ட்டர்ஸ் முகவரி மாறும், சிம் மாறும். நம் பதிவேட்டில் அவர் முதல் வருடத்தோடு நின்றுபோவார்.

இதில் வெளியே தெரியாத ஓர் ஆபத்து இருக்கிறது. யார் வரவில்லை என்பது தற்செயலாக அமைவதில்லை. எடை திரும்ப ஏறியவர்கள் வரக் கூச்சப்படுகிறார்கள். வீட்டில் ஏற்கெனவே “இவ்வளவு செலவு செஞ்சும் நாக்கைக் கட்டலையே” என்று பேச்சு வாங்கியிருப்பார்கள். டாக்டரிடமும் வாங்க வேண்டுமா என்று இருந்துவிடுவார்கள். வருகிறவர்கள் நன்றாக இருப்பவர்கள். அவர்களை மட்டும் எண்ணினால் நம் முடிவுகள் இருப்பதைவிட அழகாகத் தெரியும். நூறு பேருக்கு ஆபரேஷன் செய்து, ஐந்தாவது வருடம் நாற்பது பேரைப் பார்த்து, அதில் முப்பது பேர் நலம் என்றால் ‘எழுபத்தைந்து சதவீத வெற்றி’ என்று எழுதிவிட முடியும். வராத அறுபது பேரைப் பற்றி அந்தக் கட்டுரை ஒன்றும் சொல்லவில்லை.

ஓர் அறுவை ஆராய்ச்சியாளரை இதை வைத்துத்தான் மதிப்பிடுவேன். எத்தனை புது முறை கொண்டுவந்தார் என்பதைவிட, வராதவர்களைத் தேடிப் போனாரா என்பது எனக்கு முக்கியம். ஒவ்வொரு நோயாளிக்கும் மூன்று உறவினர்களின் எண்ணை வாங்கி வைப்பது, ஊரில் இருக்கிற லேபில் ரத்தப் பரிசோதனை செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது, ஒரு ஊழியருக்கு இதையே முழுநேர வேலையாகக் கொடுப்பது என இவையெல்லாம் சின்ன வேலைகள். மாநாட்டில் இதற்குக் கைதட்டல் கிடைக்காது. ஆனால் இந்திய நோயாளிகளைப் பற்றிய உண்மை இதில்தான் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் யாரும் அவ்வளவு குண்டு இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் சர்க்கரை. ஏன்?

2004-இல் லான்செட் இதழில் இரண்டு பேரின் படம் வந்தது. ஒருவர் புனே மருத்துவர் யாஜ்னிக், இன்னொருவர் லண்டன் மருத்துவர் யட்கின். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக்கணக்கான பி.எம்.ஐ. சரியாக 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. நம்மவர்கள் பலருக்கு இதுதான் உடல்வாகு; வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும் சேருகிற கொழுப்புதான் தொல்லை தருகிறது.

சென்னையிலிருந்து வழிநடத்தப்பட்ட ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) இன்டியாப் (INDIAB) ஆய்வு 2023-இல் சொன்னதும் இதையே காட்டுகிறது. நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். பி.எம்.ஐ. கணக்கில் பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம்.

அறுவைக்கான வரம்பும் இதனால் மாறியது. 1991-இல் அமெரிக்காவில் போட்ட கணக்கு: பி.எம்.ஐ. 40, அல்லது கூடவே நோய் இருந்தால் 35. 2022-இல் சர்வதேசச் சங்கங்கள் அதைத் திருத்தின. 35 என்றால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம், 30-க்கு மேல் வளர்சிதை மாற்ற நோய் இருந்தால் பரிசீலிக்கலாம், ஆசியர்களுக்கு 27.5 முதலே அறுவையைப் பற்றிப் பேசலாம் என்றன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியோ 40, 35 என்கிற பழைய எண்களோடுதான் வந்தது. ஆகவே மருத்துவர் பரிந்துரைத்தும் பாலிசி மறுக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் பாலிசியில் அந்தப் பத்தியைப் படித்துவிடுங்கள்.

இந்தியாவில் இன்னும் விடை தெரியாத கேள்விகள் என்ன? தீசிஸுக்குத் தலைப்பு வேண்டும்.

நிறைய. ஆனால் தலைப்பைத் தேடிக்கொண்டு நூலகத்துக்குப் போகாதீர்கள், ஓ.பி.யில் உட்காருங்கள்.

மினி பைபாஸில் குடலை எத்தனை சென்டிமீட்டர் தாண்டுவது? பிரான்சில் 253 பேரிடம் நடந்த யோமேகா ஆய்வில் 200 செ.மீ. தாண்டினார்கள். எடைக்குறைப்பு வழக்கமான பைபாஸுக்கு இணையாக இருந்தது. ஆனால் ஊட்டச்சத்துக் குறைபாடும் பேதியும் கூடின. இறைச்சியும் பாலாடைக்கட்டியும் சாப்பிடுகிற பிரெஞ்சுக்காரருக்கே அப்படியென்றால், மோர்சாதமும் சாம்பாரும் சாப்பிடுகிற சைவ நோயாளிக்கு எவ்வளவு நீளம் தாங்கும்? எல்லோருக்கும் ஒரே அளவா, ஆளுக்கேற்ற அளவா?

ஸ்லீவுக்குப் பின் நெஞ்செரிச்சல் இன்னொன்று. சிலருக்குப் புதிதாக வருகிறது. நீண்ட காலத்தில் உணவுக்குழாயின் உட்சுவர் மாறுகிறதா என்று எண்டோஸ்கோப்பி செய்து பார்க்க வேண்டும். நெஞ்செரிச்சல் இல்லாதவர் எண்டோஸ்கோப்பிக்கு ஒத்துக்கொள்வதில்லை, ஆனால் அவருடைய உணவுக்குழாயும் மாறியிருக்கக்கூடும். இதைச் சரியாகச் செய்தால் நல்ல தீசிஸ்.

அப்புறம் இரும்புச்சத்து. ஏற்கெனவே ரத்தசோகையோடு இருக்கிற பெண்கள்தான் ஆபரேஷனுக்கு அதிகம் வருகிறார்கள். இரும்பை உறிஞ்சுகிற முன்சிறுகுடலைப் பைபாஸ் தாண்டிவிடுகிறது. மாத்திரை எழுதிக் கொடுக்கிறோம். நம் வீட்டுப் பெண்கள் காலையில் அதைப் போட்டுக்கொண்டு கையோடு ஃபில்டர் காபி குடிக்கிறார்கள். காபியும் டீயும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கின்றன. கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்த்துப் போடுகிறார்கள், அதுவும் தடுக்கிறது. பிறகு ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று ஆபரேஷன்மேல் பழி வரும். தில்லியில் நாங்கள் பயன்படுத்துகிற உணவுப் படிவங்கள் ரொட்டி எத்தனை, பராத்தா எத்தனை என்று கேட்டன. இட்லியும் தயிர்சாதமும் சாப்பிடுகிறவர் எதை எழுதுவார்? காபி எந்த நேரத்தில் என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை. படிவத்தை முதலில் திருத்துங்கள். அதற்கே ஓர் ஆய்வு தேவைப்படும்.

கல்லீரலும் ஒரு சுரங்கம். ஆபரேஷன் நடக்கும்போது உரிய ஒப்புதலோடு ஒரு சிறு துணுக்கு எடுத்தால், கொழுப்புக் கல்லீரலின் நிலை நுண்ணோக்கியில் தெரியும். வெளியே ஸ்கேனில் பார்த்ததோடு ஒப்பிடலாம். வேறெந்தத் துறைக்கும் இந்த வாய்ப்பு இவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை.

பொது அறுவையில் ஆராய்ச்சி செய்ய ஏதாவது மிச்சம் இருக்கிறதா? ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ் எல்லாம் பழைய கதைதானே?

பழைய கதையில்தான் அதிக நோயாளிகள் இருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் தோண்டாயிச்சா என்கிற சிற்றூரில் டாக்டர் தோங்காவ்கர், ஹெர்னியாவுக்கு வைக்கும் விலையுயர்ந்த வலைக்குப் பதில், கொசுவலைத் துணியைக் கிருமிநீக்கம் செய்து வைத்தார். 2003-இல் அதை இந்திய அறுவை இதழில் எழுதினார். பிறகு உகாண்டாவில் 302 ஆண்களிடம் குலுக்கல் முறையில் மலிவு வலையையும் வணிக வலையையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்தில் ஹெர்னியா திரும்ப வருவதிலும் சிக்கல்களிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2016-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. எய்ம்ஸ்காரர்கள் மட்டும்தான் ஆராய்ச்சி செய்யலாம் என்று யாராவது சொன்னால் தோண்டாயிச்சாவைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, வயிற்று ஆபரேஷனில் தோலைத் தைப்பதற்கு முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றினால் புண்ணில் சீழ் பிடிப்பது குறையுமா என்ற கேள்வி. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 13,301 நோயாளிகளிடம் பார்த்தார்கள். 18.9 சதவீதம் 16 ஆகக் குறைந்தது. முடிவு 2022-இல் வந்தது. நாளைக் காலையே தியேட்டரில் செய்யக்கூடிய மாற்றம் இது.

எம்.எஸ். முடித்தபின் எந்த வழி?

மேற்படிப்புக்கு அறுவை இரைப்பைக் குடலியலில் மூன்று வருட எம்.சி.எச். உண்டு. சிறுதுளை அறுவையில் இரண்டு வருட எஃப்.என்.பி. உண்டு. தில்லியில் எய்ம்ஸும் சஃப்தர்ஜங்கும் எதிரெதிரே இருக்கின்றன. மௌலானா ஆசாத், லேடி ஹார்டிங் என்று பெரிய கல்லூரிகளும் இருக்கின்றன. நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காமல், அந்தப் பிரிவில் பழைய நோயாளிகளின் பதிவேடு எப்படி இருக்கிறது என்று ஒரு சீனியரிடம் கேளுங்கள். பதிவேடு நன்றாக இருந்தால் அங்கே போங்கள்.

புள்ளியியல் வரவில்லை. என்ன செய்வது?

கற்றுக்கொள்ளலாம். சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் அடிப்படை மருத்துவ ஆராய்ச்சிப் படிப்பை இணையவழியில் நடத்துகிறது. முதுநிலை மாணவர்களுக்கு அது எப்படியும் கட்டாயம். சான்றிதழுக்காக வேகமாக ஓட்டிவிடாதீர்கள், நிஜமாகவே நல்ல பாடம். புள்ளியியலாளரை டேட்டா சேர்த்து முடித்தபின் தேடிப் போகாமல் தொடங்குவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். எத்தனை நோயாளிகள் வேண்டும் என்று கேட்க வேண்டிய நேரம் அது.

அம்மாவை ஓர் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். சோதனை எலி ஆக்குகிறார்களோ என்று பயமாக இருக்கிறது. மறுத்தால் சிகிச்சை கிடைக்காதா?

கிடைக்கும். மறுக்கவும், சேர்ந்தபின் பாதியில் விலகவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதனால் சிகிச்சை குறையக் கூடாது. ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஒப்புதல் படிவம் அம்மாவுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். தில்லியில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் நீட்டுவார்கள். தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். அவசரமாகக் கையெழுத்து வாங்க வந்தால், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுங்கள்.

மூன்று விஷயம் கேளுங்கள்: எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இருக்கிறதா, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகமான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு செய்திருக்கிறதா, ஆய்வினால் பாதிப்பு வந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பதிவகம் 2007 முதல் இருக்கிறது. 2018 ஏப்ரல் முதல், ஆய்வு தொடங்குவதற்கு முன்பே பதிந்தால்தான் ஏற்றுக்கொள்கிறது. பதிவு எண் இருந்தால் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். இந்தக் கேள்விகளுக்கு நல்ல ஆராய்ச்சியாளர் கோபப்பட மாட்டார்.

எடையைக் குறைக்க ஊசி வந்துவிட்டதே, இனிமேல் ஆபரேஷன் தேவையா?

செமாக்ளூடைடு ஊசியில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. டிர்செபடைடில் அதிக அளவு மருந்தில் 72 வாரத்தில் 21 சதவீதம் அளவுக்கு. இந்தியாவுக்கு 2025-இல் டிர்செபடைடு வந்தது. இவை நல்ல மருந்துகள். எங்கள் துறைக்குப் போட்டி என்று நினைத்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் செமாக்ளூடைடை நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. எவ்வளவு காலம் போடுவது, மாதாமாதம் யார் செலவு செய்வது, ஆபரேஷனுக்குப் பின் எடை ஏறுகிறவருக்கு ஊசி உதவுமா, மிக அதிக எடை உள்ளவருக்கு முதலில் ஊசி, பிறகு ஆபரேஷனா? அடுத்த பத்து வருடத்துக்கான ஆராய்ச்சி இங்கேதான். இப்போது எம்.எஸ். படிக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

மகளுக்கு ஆபரேஷன் ஆகி ஆறு மாதம். கல்யாணம் பேசுகிறோம்.

தாராளமாகப் பேசுங்கள். கர்ப்பத்தை மட்டும் ஆபரேஷனிலிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வரை தள்ளிப்போட வேண்டும். பைபாஸ் என்றால் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், மாற்று வழியை மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு டாக்டர் 200 கட்டுரை எழுதியிருக்கிறார் என்று போட்டிருக்கிறது. அதை வைத்து அவரிடம் போகலாமா?

எண்ணை மட்டும் வைத்துப் போகாதீர்கள். பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்பதால், பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் எதையும் வெளியிடுகிற இதழ்கள் பெருகிவிட்டன. துறைத்தலைவர் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பதும் நடக்கிறது. இளையவர்களே, வேலை செய்யாதவர் பெயரைச் சேர்க்கச் சொன்னால் பணிவாக, ஆனால் எழுத்தில் மறுத்துப் பழகுங்கள். கஷ்டம்தான், தெரியும்.

நோயாளியாக நீங்கள் கேட்க வேண்டியது வேறு. “டாக்டர், ஐந்து வருடம் முன்னால் நீங்கள் ஆபரேஷன் செய்தவர்களில் எத்தனை பேரை இப்போதும் பார்க்கிறீர்கள்? அதில் எத்தனை பேருக்கு எடை திரும்பியது? கசிவு, ரத்தப்போக்கு எத்தனை பேருக்கு வந்தது?” தன் எண்களைத் தெரிந்து வைத்திருக்கிற சர்ஜன் உடனே சொல்வார். சுமாரான எண்ணாக இருந்தாலும் சொல்வார். அவரிடம் போங்கள்.

தில்லியில் ஆபரேஷன் செய்து பல வருடம் ஆகிவிட்டது. இப்போது திருச்சியில் இருக்கிறேன். இன்னும் தொடர்பில் இருக்க வேண்டுமா?

கட்டாயம். வருடத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, டி வைட்டமின், கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், எச்பிஏ1சி பாருங்கள். திருச்சியிலேயே எல்லாம் கிடைக்கும். தொடர்ந்து வாந்தி, கை கால் மரப்பு, நடையில் தள்ளாட்டம் இருந்தால் வருடப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போய், இன்ன ஆபரேஷன் ஆனவர் என்று முதலிலேயே சொல்லுங்கள். பி1 வைட்டமின் குறைபாடு வேகமாக நரம்பைத் தாக்கும்.

ரிப்போர்ட்டையும் இன்றைய எடையையும் உங்களுக்கு ஆபரேஷன் செய்த பிரிவுக்கு அனுப்பிவையுங்கள். எண் மாறியிருந்தால் புது எண்ணையும், ஊரில் இருக்கிற ஓர் உறவினரின் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். எடை முழுவதும் திரும்பியிருந்தாலும் அனுப்புங்கள், யாரும் திட்ட மாட்டார்கள். எங்கள் பதிவேட்டில் அதிகம் விடுபட்டிருப்பது உங்களைப் போன்றவர்களின் எண்கள்தான்.